புகையில் விழுந்த கோல்

ராயபுரம் வின்டர்பாட்டம் கல்லூரி அந்த வருஷம் இறுதி ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. தோற்றது என்று ராயபுரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். தோற்கடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள். யார் தோற்கடித்தது என்று கேட்டால், எதிரே ஆடிய பதினோரு பேரை விட்டுவிட்டு, நடுவில் விசிலோடு ஓடிய எத்திராஜின் பெயரைச் சொல்வார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஆட்டம் முடியச் சற்று முன்பு வின்டர்பாட்டம் பையன் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்த பந்து, கோலின் மேல்கம்பத்தில் அடித்துச் செங்குத்தாகக் கீழே இறங்கியது. அதே சமயம், மைதானத்துச் சுவரை ஒட்டிய தண்டவாளத்தில் நின்றிருந்த துறைமுகச் சரக்கு ரயில் கிளம்பியது. எஞ்சின் விட்ட கரும்புகை கடற்காற்றில் சாய்ந்து வந்து கம்பத்தையும் பந்தையும் கோல்கீப்பரையும் எத்திராஜையும் ஒன்றாக மூடியது. புகை விலகியபோது கோல்கீப்பர் கோட்டின் மேல் பந்தைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தான். பந்து உள்ளே போய்விட்டு வந்ததா, போகாமலே நின்றதா என்று எத்திராஜுக்குத் தெரியவில்லை. தெரியாத கோலை நடுவர் கொடுக்கக் கூடாது என்பது விதி. அவன் கொடுக்கவில்லை.

மைதானத்தில் கூடியிருந்த அத்தனை பேரில், அந்தப் புகைக்குள் பார்க்க முடியாமல் போனவன் அவன் ஒருவன்தான். மற்ற எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

பார்த்தவர்கள் அன்று மாலையே பக்ருதீன் பாய் டீக்கடையில் கூடினார்கள். இவர்களில் யாரும் வின்டர்பாட்டத்தில் படித்தவர்கள் கிடையாது. அங்கே படித்தவர்கள் பரீட்சை, உத்தியோகம் என்று வேறு கவலைகளில் இருந்தார்கள். கல்லூரியின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு அதன் வாசலைத் தாண்டாதவர்கள் தலையில் விழுந்திருந்தது.

காசிமேட்டில் கட்டுமரமும் வலையும் வைத்திருந்த பொன்னுரங்கம்தான் அவர்களில் பெரிய குரல். "நான் இந்தக் கண்ணால பாத்துகினே கீறேன். ஒரு ஜாண் உள்ள பூட்ச்சி!" என்றான்.

வண்ணாரப்பேட்டையில் வெல்ல மண்டி வைத்திருந்த சுயம்பு நாடார் இதை ஒப்பவில்லை. மேஜை மேல் சர்க்கரையைத் தூவி ஒரு கோடு போட்டார். பந்துக்குப் பதிலாக ஒரு பொறை பிஸ்கட்டை எடுத்துக் கோட்டுக்கு அப்பால் வெகு தூரத்தில் வைத்தார். "ஜாணாவது ஒண்ணாவது! ஒரு முழம் உள்ள போயிட்டுல்லா? நான் மேக்கால நின்னேன்வே. எனக்குத் தெரியாதா?"

"நீங்க நின்ன எடத்துல தான் அண்ணாச்சி பொக நெறைய இருந்திச்சி" என்றான் பொன்னுரங்கம்.

"பொகைக்குள்ள இருந்து பாத்தா பொக தெரியாதுவே. வெளிய இருந்து பாக்கிறவனுக்குத்தான் தெரியும்."

இந்த விளக்கம் எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. பக்ருதீன் பாய் அன்று மைதானத்துக்கே போகவில்லை. ஆனால் கடையில் நின்றபடியே சத்தத்தைக் கேட்டிருந்தார். "கோல் வுழுந்தா வர்ற சத்தம் வேற, வுழாத சத்தம் வேற. நம்ம காதுக்குத் தெரியாதா நைனா? அது அசல் கோல் சத்தம்" என்று அவரும் சாட்சி சொன்னார். பார்த்தவர்களின் சாட்சியைவிட இது பலமானது என்று கருதப்பட்டது.

எத்திராஜுக்கு இதில் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. பொன்னுரங்கம் அவன் மனைவி மங்கம்மாவின் அண்ணன். அடுத்த வாரம் எத்திராஜின் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குழந்தைக்கு இருந்த ஒரே தாய்மாமன், மறுநாள் காலை தங்கை வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே பேசினான்.

"மங்கா, நல்லா கேட்டுக்கோ. உன் வூட்டுக்காரரு கோல்னு சொல்லட்டும். அன்னிக்குத்தான் என் மடி."

"இன்னாண்ணே, கொயந்த காதுக்கும் பந்துக்கும் இன்னா சம்பந்தம்?"

"கீது. ராயபுரத்து மானம் போன பின்னாடி காதுல கம்மல் இன்னாத்துக்கு?"

அவன் போன பிறகு மங்கம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், கோல்னு ஒரு வார்த்த சொன்னா வாயி தேஞ்சா பூடும்?"

"பாத்திருந்தா சொல்ல மாட்டேனா? பாக்கலியே."

"அவுங்க மட்டும் பாத்தாங்களா?"

"பாத்தேன்னு சொல்றாங்க."

"அப்ப நீயும் சொல்லேன்!"

எத்திராஜுக்குச் சொல்ல ஆசைதான். அவனும் காசிமேட்டுக் காற்றில் வளர்ந்தவன். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவராக ஓடியது விளையாட்டின் மேல் இருந்த பைத்தியத்தால். அந்தப் பந்து மேலே எழும்பியபோது அவன் நெஞ்சும் கூடவே எழும்பியது. வின்டர்பாட்டம் ஜெயிக்க வேண்டும் என்று அவனுக்கும் இருந்தது. அப்படி இருந்ததாலேயே, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சவரம் செய்துகொள்ளப் போனான். நாவிதர் ஒரு கன்னத்தை மழித்து முடித்துவிட்டு, கத்தியைத் துடைத்தபடி, "பந்து உள்ளயா சார், வெளியயா?" என்றார். "தெரியலப்பா" என்றான் எத்திராஜ். நாவிதர் கத்தியை மடக்கி உறையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எத்திராஜ் மறு கன்னத்துத் தாடியோடு வீடு திரும்பினான். வழியெல்லாம் அவனைப் பார்த்தவர்களுக்கு, அவன் எந்தப் பக்கத்து ஆள் என்று தீர்மானிப்பது கஷ்டமாக இருந்தது.

இதற்குள் வின்டர்பாட்டம் கல்லூரி முறைப்படி ஆட்சேபணை கொடுத்துவிட்டது. ஆட்சேபணைகளை விசாரிக்கவென்றே கல்லூரிக் கால்பந்து பரிபாலன சபை என்று ஒன்று டோல்கேட்டுக்கு அருகே ஒரு மாடியில் நடந்துவந்தது. எத்திராஜுக்குச் சம்மன் வந்தது.

சபையின் கூடத்தில் நீண்ட மேஜையின் நடுவே, பட்டு மெத்தை மேல் ஒரு கால்பந்து வீற்றிருந்தது. அதற்கு மாலை போட்டிருந்தார்கள். சபை ஆரம்பித்த நாளில் வாங்கிய பந்து. இதுவரை யாரும் உதைத்ததில்லை. உள்ளே வந்தவர்கள் முதலில் அதற்கு வணக்கம் சொல்ல வேண்டும். அப்புறம் முன்னாள் தலைவர்களின் படங்களுக்கு ஒவ்வொன்றாக வணக்கம். எத்திராஜ் ஒரு படத்தைத் தவற விட்டான். ஆட்டத்தன்று கோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காரியதரிசி ஜெயவேல் அவனை மறுபடி வாசலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

தலைவர் ராவ் சாகிப் நீலமேகம். பட்டம் கொடுத்தவர்கள் கப்பலேறிப் போய்ச் சில வருஷங்கள் ஆகியும் அவர் பட்டத்தைக் கழற்றவில்லை. பக்கத்தில் தர்க்க சாஸ்திரப் பேராசிரியர் அருள்பிரகாசம், நிபுணர் என்ற முறையில்.

"நான் என் ஆயுளில் ஒரு கால்பந்தாட்டம்கூட முழுசாகப் பார்த்தவனில்லை" என்று பேராசிரியர் தொடங்கினார். "ஆகவே என் நடுநிலைமையை யாரும் சந்தேகிக்க முடியாது."

தலைவர் மெச்சித் தலையசைத்தார். பிறகு எத்திராஜைப் பார்த்தார். "பந்து கோட்டைத் தாண்டியதா, இல்லையா?"

"தெரியலீங்க சார். பொக மறைச்சிட்டது."

"அது பதில் அல்ல."

"அதுதான் சார் நடந்தது."

"நடந்ததை நாங்கள் கேட்கவில்லையே. பந்து தாண்டியதா, இல்லையா? தாண்டியது என்றால் ஒரு பிரிவின்படி உம்மைத் தண்டிப்போம். தாண்டவில்லை என்றால் வேறொரு பிரிவின்படி உம்மைப் பாராட்டுவோம். தெரியவில்லை என்றால் சபை என்ன செய்யும்? அதற்குப் பிரிவு கிடையாது."

"பாக்காத கோலைக் கொடுக்கக் கூடாதுன்னு விதியில இருக்குங்களே?"

"இருக்கிறது. அந்த விதியை எழுதியவர்கள், அதை ஒருவர் நிஜமாகவே பின்பற்றுவார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்." தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "மிஸ்டர் எத்திராஜ், இந்தச் சபையின் சரித்திரத்தில் தப்பாகப் பார்த்த நடுவர்கள் உண்டு. தூங்கிய நடுவர்கள் உண்டு. ஒரு தரம் வேறு மைதானத்துக்குப் போய் விசில் ஊதிய நடுவரும் உண்டு. தெரியவில்லை என்று சொன்ன நடுவர் ஒருவர்கூட இல்லை. நாளைக்கு ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? நடுவருக்கே தெரியாதென்றால், நடுவரை நியமித்த எங்களுக்கும் தெரியாதோ என்று நினைக்க மாட்டார்களா? அப்படி ஒரு எண்ணம் பரவிவிட்டால் சபை எதற்கு?"

எத்திராஜ் யோசித்துப் பார்த்தான். அந்தக் கேள்விக்கும் அவனுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று இன்னொரு தரம் சொல்லப் பயந்து சும்மா இருந்தான்.

பேராசிரியர்தான் வழி சொன்னார். அதே மைதானம், அதே புகை, அதே பந்து. நடந்ததை நடந்தபடி மறுபடி நடத்திப் பார்த்துவிடலாம். அன்று பார்க்க முடிந்திருக்குமா என்பது நிரூபணமாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சபையார் மோட்டாரில் மைதானத்துக்கு வந்து இறங்கினார்கள். ரயில்வேக்காரர்கள், விளையாட்டுக்காக எஞ்சினை இரவல் தரும் வழக்கமில்லை என்று ஜெயவேலிடம் சொல்லிவிட்டார்கள். அதனால் ஈர வைக்கோலும் தார் பூசிய பழைய வலைகளும் மலையாகக் குவிக்கப்பட்டன. கோல் கம்பத்தருகே ஒரு உயரமான முக்காலி. அதன் மேல் ஏறி நின்று, புகை மூடும்போது மேல்கம்பத்திலிருந்து பந்தை விட வேண்டும். அந்தக் காரியம் ரசிகர்களின் பிரதிநிதிக்குத் தரப்பட்டது. பொன்னுரங்கம் புது வேட்டி கட்டி வந்திருந்தான். பந்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முக்காலி மேல் ஏறினான். சுவரோரமாகக் காசிமேடு முழுக்க வந்து நின்றது.

அன்றைக்கு எத்திராஜ் நின்ற இடத்தில் தலைவர் விசிலோடு நின்றார். பக்கவாட்டில் பேராசிரியர். எத்திராஜைக் குற்றம் சாட்டப்பட்டவன் என்பதால் தள்ளி உட்கார வைத்திருந்தார்கள்.

நெருப்பு வைத்தார்கள். ஈர வைக்கோல் முதலில் முரண்டு பிடித்தது. பிறகு தார் பிடித்துக்கொண்டது. ரயில் எஞ்சின் விடுகிற புகை எத்தனையோ மேல் என்று சொல்லும்படி ஒரு புகை மஞ்சளும் கறுப்புமாக எழுந்து வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது. எதுவோ தடால் என்று விழுந்தது. அப்புறம் நீளமாக ஒரு விசில்.

"கோல்!" என்று தலைவரின் குரல் வந்தது. "தெளிவாகப் பார்த்தேன். கோட்டைத் தாண்டி ஒரு முழங்கை தூரம் உள்ளே விழுந்து, எகிறி வெளியே வந்தது!"

"தலைவர் மன்னிக்கணும்" என்று இருமியபடி பேராசிரியர் குரல் கொடுத்தார். "கோட்டின் மேலேயே விழுந்தது. சுண்ணாம்பு தெறித்ததைக்கூடப் பார்த்தேன்."

சுவரோரத்தில் பெரிய ஆரவாரம். "கோலு! கோலு! பாத்தோம்!" என்று கத்தினார்கள். "ரெண்டு முழம் உள்ளவே!" என்று சுயம்பு நாடாரின் குரல் தனியாகக் கேட்டது.

காற்று மாறிப் புகை விலகிற்று. முக்காலி கவிழ்ந்து கிடந்தது. கோல் வலைக்குள் பந்து இல்லை. கோட்டின் மேலும் இல்லை. கம்பத்தை விட்டுத் தள்ளி, தண்ணீர்க் குழாயடியில், கண்ணும் மூக்கும் ஒழுக, கரி படிந்த வேட்டியோடு பொன்னுரங்கம் குந்தியிருந்தான். பந்து அவன் கக்கத்தில் இருந்தது.

"சாமி," என்றான் மூச்சு வாங்க. "பந்து என் கைல கீது. நான் போடவே இல்ல. மூச்சு முட்டிச்சி, குதிச்சி ஓடியாந்துட்டேன்."

தலைவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"உன்னை யார் ஓடச் சொன்னது?"

"மூச்சு வுட முடியல சாமி."

"போடச் சொன்னால் போட வேண்டியதுதானே? உன்னுடைய கடமையை நீ செய்திருந்தால் அது ஒரு முழங்கை தூரம் உள்ளே விழுந்திருக்கும். நான் பார்த்தது அதைத்தான். நீ போடாமல் விட்டதற்கு என் கண் பொறுப்பாகுமா?"

பேராசிரியர், "பந்து இல்லாமலே இவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடிகிறதென்றால், பந்து இருந்தால் எவ்வளவு பார்த்திருக்கலாம்! பரிசோதனை முழு வெற்றி" என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் இன்னும் கறுப்பாயிற்று.

பொன்னுரங்கம் பந்தைப் பார்த்தான். சுவரோரத்தில் இன்னும் கையை நீட்டி எத்தனை முழம் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்த தன் கூட்டாளிகளைப் பார்த்தான். பிறகு தள்ளி உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்தான். எத்திராஜ் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அவனுக்காகக் குழாயைத் திறந்துவிட்டான்.

"கண்ணக் கழுவு மச்சான். எரியும்."

சபையின் தீர்ப்பு அந்த வாரமே வந்தது. வின்டர்பாட்டம் போட்டது கோல்தான். ஆயினும் ஆட்டத்தின் முடிவில் மாற்றமில்லை. பார்க்கக்கூடிய புகையில் பார்க்கத் தவறிய குற்றத்துக்காக எத்திராஜ் மூன்று வருஷம் விசிலைத் தொடக் கூடாது. இரண்டு கல்லூரிகளும் தங்களுக்கே வெற்றி என்று ஊர்வலம் போயின.

காது குத்து ஒரு வாரம் தள்ளி நடந்தது. பொன்னுரங்கம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைக் காட்டினான். ஊசி பட்டதும் குழந்தை வீரிட்டது. அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. "இன்னும் அந்தப் பொக எரிச்சல் போல" என்றாள் மங்கம்மா.

சாயங்காலம் மச்சான்கள் இருவரும் சேர்ந்து டீக்கடைக்குப் போனார்கள். சுயம்பு நாடார் மேஜையில் சர்க்கரைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "வாரும்வே பொன்னுரங்கம், பந்த கையில வச்சிருந்த ஆளு நீர்தான். நீரே சொல்லும். அன்னைக்கு ஆட்டத்துல பந்து எம்புட்டு உள்ள போச்சு?"

பொன்னுரங்கம் பக்கத்தில் இருந்த பொறையைக் கையில் எடுத்துப் பார்த்தான். "எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றான். "நான் பாக்கல. பொக மறைச்சிகிச்சி."

அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. தங்கை புருஷனுக்காக மனசறிந்து பொய் சொல்கிறான் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். பக்ருதீன் பாய் வருத்தத்தோடு கண்ணாடி டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார். "பால் தீந்துபோச்சி நைனா" என்றார். பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த பருவம் தொடங்கும்போது காரியதரிசி ஜெயவேல் எத்திராஜின் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து வாசற்கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"சார், பெரிய பேஜாராப் போச்சு. விசில் ஊத ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. எந்தப் பக்கம் ஊதினாலும் விசாரணை வரும்னு பயப்படறாங்க. தலைவரே ஒரு ஆட்டம் ஊதிப் பார்த்தார். பாதியிலே ரெண்டு பக்கமும் சேர்ந்து அவரைத் துரத்திட்டாங்க. நீங்கதான் வரணும். தடையை எடுத்துடறோம்."

எத்திராஜுக்கு நெஞ்சு குதித்தது. விசிலை அவன் இன்னும் பெட்டியில் துணிக்கடியில் வைத்திருந்தான். "நிஜமாவா சார்?"

"ஒரே ஒரு நிபந்தனை. அன்னிக்குப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சபையில வந்து சொல்லிடணும்."

"எதைப் பாத்தேன்னு சார் சொல்லணும்? உள்ள போனதையா, போகாததையா?"

"அது உங்க இஷ்டம். சபை அதிலே தலையிடாது. பார்த்தேன்னு மட்டும் சொன்னாப் போதும்."

அடுப்படியிலிருந்து மங்கம்மா எட்டிப் பார்த்தாள். போன தரம் மாதிரி அவள் இப்போது எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அன்னிக்கு ஆட்டத்துல நீங்களும்தானே கோலுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தீங்க" என்றான் எத்திராஜ். "நீங்க பாத்தீங்களா சார்?"

ஜெயவேல் சாத்திய கதவை ஒரு தரம் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"சத்தியமா இல்லை சார்" என்றார் மெதுவாக. "கண்ணுல கரி விழுந்துடுச்சு. பந்து எங்கே இருந்ததுன்னே தெரியல. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, உத்தியோகம் போயிடும்." சொல்லி முடித்ததும் அவர் உடம்பு லேசானதுபோலப் பின்னால் சாய்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

மங்கம்மா வெளியே வந்தாள். புருஷனுக்குக் கொண்டுவந்த டீயைக் காரியதரிசியின் கையில் கொடுத்தாள்.

"குடிங்க சார்" என்றாள். "பால் நெறையவே கீது."